அஞ்சலட்டை முகத்திலிருந்து வெளியே வந்த கிளாடிஸ் கூப்பர்

1942-இல் வந்த ‘நௌ, வாயேஜர்’ படத்தில் ஒரு பணக்காரக் கிழவி வருவார். பாஸ்டன் நகரத்துப் பழைய குடும்பம், பெரிய மாளிகை, கூப்பிட்ட குரலுக்கு ஆட்கள். கடைசி மகளைத் தன் காலடியிலேயே வைத்துக்கொண்டு, அவள் என்ன உடுத்த வேண்டும், யாரோடு பேச வேண்டும் என்பது வரை எல்லாவற்றையும் தானே முடிவு செய்கிறவர். அந்த மகள் ஊர் சுற்றித் திரும்பி வந்து முதல்முறையாக எதிர்த்துப் பேசும்போது தாய் கத்துவதில்லை, கண்ணீர் விடுவதில்லை. கட்டில் தூணில் விரல்களை வைத்துத் தட்டிக்கொண்டே இருப்பார். அந்த விரல்களைப் பார்த்ததும் எனக்கு மகள்மேல் இருந்த கவலையெல்லாம் போய், யார் இந்த அம்மா என்ற கேள்விதான் மிச்சம் நின்றது.

தேடிப் போனால் முதலில் கிடைப்பது முற்றிலும் வேறொரு முகம். இருபது வயதுப் பெண், தலையில் பெரிய தொப்பி, பக்கவாட்டில் திரும்பிய பார்வை. முதல் உலகப் போருக்கு முந்தைய இங்கிலாந்தில் கடைகடையாக விற்ற அஞ்சலட்டைப் படங்களில் மிகப் பிரபலமான முகங்களில் ஒன்று அது. இரண்டும் ஒரே ஆள், கிளாடிஸ் கூப்பர்.

பொதுவாக இவர் கதையை எப்படிச் சொல்வார்கள் என்றால், இளமையில் பேரழகி, வயதான பிறகு குணச்சித்திர நடிகை, மூன்று தடவை ஆஸ்கர் பரிந்துரை, அவ்வளவுதான். இந்தச் சுருக்கத்தில் நடுவே இருக்கிற பதினாறு வருஷம் அப்படியே காணாமல் போய்விடுகிறது. 1917 முதல் 1933 வரை அவர் லண்டனில் ஒரு நாடகக் கொட்டகையைப் பொறுப்பேற்று நடத்தினார். அந்தக் கிழவியின் விரல்களுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

சரி, முதலில் அந்த அஞ்சலட்டை விஷயம். 1888 டிசம்பர் 18 அன்று லண்டனின் தென்கிழக்குப் பகுதியான லூயிஷாமில் பிறந்தவர் கிளாடிஸ். அப்பா பத்திரிகைத் துறைக்காரர். சிறுமியாக இருக்கும்போதே போட்டோ ஸ்டுடியோக்களுக்கு முகம் கொடுக்கத் தொடங்கிவிட்டார். அவர் வளர்ந்துகொண்டிருந்த நேரத்தில், 1902-இல், பிரிட்டிஷ் அஞ்சல் துறை ஒரு சின்ன விதியை மாற்றியது. அதுவரை அஞ்சலட்டையின் ஒரு பக்கம் முழுக்க முகவரிக்கே போய்விடும், செய்தியைப் படம் இருக்கும் பக்கத்தில் இண்டு இடுக்கில்தான் எழுத வேண்டும். புதிய விதியில் பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து, பாதியில் முகவரி, பாதியில் செய்தி என்று எழுதிக்கொள்ளலாம். முன்பக்கம் முழுதும் படத்துக்கு. அனுப்பும் செலவு அரைப் பென்னி. இதனால் படத்தின் மதிப்பு கூடியது, வாங்கி ஆல்பத்தில் ஒட்டிச் சேர்க்கும் பழக்கம் நாடு முழுக்கப் பரவியது, நடிகைகளின் படங்கள் அதில் முன்வரிசைக்கு வந்தன. நாடகக் கொட்டகை வாசலையே மிதித்திராத சிற்றூர்க்காரருக்குக்கூட லண்டன் நடிகையின் முகம் தெரியும் என்ற நிலை வந்தது. அவர் எப்படி நடிப்பார், குரல் எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியாது.

1905-இல், பதினேழு வயது நிரம்புகிற சமயத்தில், சீமோர் ஹிக்ஸின் ‘புளூபெல் இன் ஃபேரிலேண்ட்’ என்ற குழந்தைகளுக்கான இசை நாடகத்தின் வெளியூர்ச் சுற்றில் முக்கிய வேடத்தில் மேடையேறினார். அப்புறம் ஜார்ஜ் எட்வர்ட்ஸின் கெயிட்டி தியேட்டர். பாட்டு, நடனம், லேசான கதை, கண்ணைப் பறிக்கும் உடைகள், இவற்றோடு வரிசையாக நிற்கும் அழகான பெண்கள் என்பது அந்தக் கொட்டகையின் அடையாளம். அங்கே நின்ற பெண்கள் சிலர் பிரபுக்களைக் கல்யாணம் செய்துகொண்டு மேடையை விட்டுப் போனார்கள். கிளாடிஸும் 1908-இல் ஹெர்பர்ட் பக்மாஸ்டர் என்பவரை மணந்தார், ஆனால் மேடையை விடவில்லை. (இந்தப் பக்மாஸ்டர்தான் 1919-இல் லண்டனில் பக்ஸ் கிளப்பைத் தொடங்கியவர். ஆரஞ்சுச் சாறும் ஷாம்பெய்னும் கலந்த பக்ஸ் ஃபிஸ் பானத்துக்கு அந்தப் பெயர் அங்கிருந்துதான் வந்தது.) கிளாடிஸ் பாட்டு நாடகங்களை விட்டு வசன நாடகங்களுக்கு நகர்ந்தார். 1913-இல் ‘டிப்ளமஸி’ நாடகத்தில் டோரா வேடம், கூடவே ஜெரால்ட் டு மாரியே. அந்தக் காலத்து லண்டன் மேடையில் டு மாரியே என்றால், நடிப்பது தெரியாமல் நடிக்கிறவர் என்று பெயர். அவரோடு பழகிய பழக்கம் கிளாடிஸுக்குக் கடைசி வரை உதவியது.

போர் வந்தது. 1914 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹிக்ஸ் குழுவோடு பிரான்சுக்குப் போய்ப் படைவீரர்கள் முன்னால் நிகழ்ச்சி நடத்தினார். அவருடைய அஞ்சலட்டைகள் வீரர்களின் பைகளிலும் பதுங்குகுழிகளிலும் இருந்தன. கணவரும் போர்முனையில். இரண்டு குழந்தைகள். சம்பாதித்தாக வேண்டும்.

இந்த நேரத்தில்தான் சினிமாவும் அவரைத் தேடி வருகிறது. 1913-இல் ‘தி எலெவன்த் கமாண்ட்மென்ட்’ என்ற படத்தில் தொடங்கினார், 1917-இல் மட்டும் ‘மாஸ்க்ஸ் அண்ட் ஃபேசஸ்’, ‘மை லேடீஸ் டிரெஸ்’, ‘தி சாரோஸ் ஆஃப் சாத்தான்’ என்று மூன்று படங்கள். மாஸ்க்ஸ் அண்ட் ஃபேசஸ் எடுக்கப்பட்ட காரணம் சுவையானது. இன்று ராடா என்று உலகமே அறிந்த லண்டன் நடிப்புக் கல்லூரிக்கு நிதி திரட்டுவதற்காக, பெரிய பெரிய மேடை நடிகர்கள் சேர்ந்து நடித்த படம் அது. பெர்னார்ட் ஷா, ஜே. எம். பேரி போன்ற நாடகாசிரியர்களே சில நொடிகள் தலைகாட்டினார்கள். அன்றைய இங்கிலாந்தில் மேடைக்கும் சினிமாவுக்கும் இருந்த உறவை இந்த ஒரு படமே காட்டிவிடுகிறது. மேடை என்பது வீடு, சினிமா என்பது பகலில் போய்வந்து கொஞ்சம் பணம் கொண்டுவரும் இடம். பகலில் ஸ்டுடியோ, சாயங்காலம் கொட்டகை, இப்படித்தான் பலரும் ஓடினார்கள்.

ஆனால் கிளாடிஸ் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது என்று எனக்குப் படுகிறது. மௌனப் படத்தில் குரல் கிடையாது. வசனத்தை எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லை விழுங்குவது என்று மேடையில் அவர் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டிருந்த எல்லாமே அங்கே செல்லாது. முகம் மட்டும் போதும். அதாவது அந்தப் படங்கள் அவரிடம் கேட்டது கொஞ்சம் அசைகிற அஞ்சலட்டையைத்தான். 1922-இல் ‘தி பொஹீமியன் கேர்ல்’, அதில் ஐவர் நோவெல்லோ நாயகன், மேடையின் மகாராணி எலன் டெர்ரிக்கு அதுவே கடைசிப் படம். 1923-இல் ‘பானி பிரின்ஸ் சார்லி’, மறுபடி நோவெல்லோ இளவரசர், இவர் அவரைத் தப்ப வைக்கும் ஃபுளோரா மெக்டொனால்ட். இரண்டு அழகான முகங்களை ஒன்றாக நிறுத்தினால் கூட்டம் வரும் என்ற கணக்கு. அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அவர் சினிமாவை ஏறக்குறைய மறந்தே விட்டார். பிரிட்டிஷ் சினிமாவுக்கும் அப்போது மூச்சு வாங்கியது. 1926 வாக்கில் அந்நாட்டுத் திரையரங்குகளில் ஓடிய படங்களில் உள்நாட்டுப் படங்கள் நூற்றுக்கு ஐந்து அளவில்தான் இருந்தன, மீதி பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அதைச் சரிசெய்யத்தான் 1927-இல் திரையரங்குகள் இத்தனை பங்கு உள்நாட்டுப் படம் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள்.

இனி அந்தப் பதினாறு வருஷம். தேம்ஸ் நதிக்கரை ஓரமாக, சேரிங் கிராஸ் ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு கொட்டகை இருக்கிறது, பிளேஹவுஸ் என்று பெயர். 1905 டிசம்பரில் ரயில் நிலையத்துக் கூரையின் ஒரு பகுதி சரிந்து இந்தக் கட்டிடத்தின் மேல் விழுந்தது, ஆட்கள் செத்தார்கள், திரும்பக் கட்டி 1907-இல் திறந்தார்கள். 1917-இல் ஃபிராங்க் கர்ஸன் என்ற அனுபவசாலியோடு கூட்டுச் சேர்ந்து கிளாடிஸ் இதன் நிர்வாகத்துக்குள் நுழைந்தார். கடைசிச் சில வருஷங்கள், 1933 வரை, தனியாகவே நடத்தினார்.

பெண் ஒருவர் லண்டனில் கொட்டகை நடத்துவது அதுதான் முதல் தடவை என்று இல்லை. 1831-லேயே மேடம் வெஸ்ட்ரிஸ் ஒலிம்பிக் தியேட்டரை எடுத்து நடத்தியிருக்கிறார். ஆனாலும் 1917-இல் இது எவ்வளவு பெரிய சுமை என்று யோசித்துப் பாருங்கள். எந்த நாடகத்தின் உரிமையை வாங்குவது, யாரைப் போடுவது, யாருக்கு என்ன சம்பளம், கட்டிட வாடகை, விளக்கு, உடை, விளம்பரம். போர்க்காலத்தில், 1916-இல் போட்ட கேளிக்கை வரி வேறு ஒவ்வொரு டிக்கெட்டிலும் உட்கார்ந்துகொண்டது. போருக்குப் பின் லண்டனின் நாடக வட்டாரமான வெஸ்ட் எண்ட் பகுதியில் கொட்டகை வாடகை ஏறிக்கொண்டே போனது, நடுவில் கைமாற்றிவிடும் குத்தகைக்காரர்கள் பெருகினார்கள். இதற்கெல்லாம் மேலே ஒவ்வொரு புது நாடகத்துக்கும், அன்று நாடகங்களைத் தணிக்கை செய்த லார்டு சேம்பர்லின் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஒரு நாடகம் விழுந்தால் நடிகைக்கு ஒரு வேடம் போகும், நிர்வாகிக்கு முதலே போகும். இத்தனையும் பகலில் பார்த்துவிட்டு ராத்திரி எட்டு மணிக்கு அதே ஆள் முகத்தில் பூச்சு போட்டுக்கொண்டு மேடைக்கு வர வேண்டும். 1921-இல் முதல் திருமணம் முறிந்தது, குழந்தைகள் இருந்தார்கள். 1920-களில் தன் பெயரிலேயே அழகு சாதனப் பொருட்களையும் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அழகை விற்கத்தான் வேண்டும் என்றால் நானே விற்கிறேன் என்ற தெளிவு அதில் எனக்குத் தெரிகிறது.

நடிப்பு உடனே கைகூடியது என்று சொல்ல முடியாது. சாமர்செட் மாம் எழுதிய ‘ஹோம் அண்ட் பியூட்டி’ என்ற நகைச்சுவை நாடகத்தை 1919-இல் போட்டபோது, அதை விமர்சித்த எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி அவரைச் சிலை என்றே சொல்லிவிட்டார். கிரேக்கப் புராணத்தில் பிக்மேலியன் செதுக்கிய சிலை உயிர் பெற்றுக் கலாட்டியா ஆகிறாள் இல்லையா, அப்போதுதான் கல் நிலையிலிருந்து விடுபட்டு, உயிருள்ளவர்களின் உலகம் இன்னும் பழகாத அந்தக் கலாட்டியா மாதிரி இருக்கிறார் என்பது ஹக்ஸ்லியின் குற்றச்சாட்டு. நம் அகலிகையை நினைத்துக்கொண்டால் சட்டென்று புரியும். கடுமையான சொல், அதில் உண்மையும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இருபது வருஷம் அசையாமல் நின்று படம் எடுத்துக்கொண்ட உடம்பு அது.

வேறு ஒருவர் கொட்டகையில் வேலை செய்யும் நடிகைக்கு இப்படி ஒரு விமர்சனம் வந்திருந்தால், அடுத்த முறை இன்னும் சின்ன, இன்னும் அழகான வேடம்தான் கிடைத்திருக்கும். கிளாடிஸுக்கு நல்ல வேடம் கொடுக்க வேண்டிய நிர்வாகி கிளாடிஸேதான். 1922-இல் ‘தி செகண்ட் மிஸஸ் டாங்கரே’ நாடகத்தை எடுத்தார். பழைய வாழ்க்கையின் நிழல் விடாமல் துரத்தும் பாலா என்ற பெண்ணின் வேடம், 1893-இல் மிஸஸ் பாட்ரிக் கேம்பல் என்ற நடிகையை ஒரே ராத்திரியில் புகழின் உச்சியில் ஏற்றிய வேடம், ஒப்பிடுவதற்கென்றே காத்திருப்பார்கள். துணிந்து ஏறினார். சிலை என்ற பேச்சு அதன் பிறகு தேயத் தொடங்கியது. அடுத்த இரண்டு வருஷத்தில் இன்னொரு பக்கம், குழந்தைகள் நாடகத்துப் பறக்கும் சிறுவன் பீட்டர் பேனாகக் கம்பியில் தொங்கிப் பறந்தார்.

பிறகு 1927, ‘தி லெட்டர்’. இதுவும் மாம் எழுதியது, டு மாரியே இயக்கியது. மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்து பங்களா. திரை தூக்கியதும் துப்பாக்கிச் சத்தம், ஒரு ஆங்கிலேயப் பெண் ஒருவனைச் சுட்டுக்கொண்டிருக்கிறாள். தன் மானத்தைக் காக்கச் சுட்டேன் என்கிறாள், எல்லோரும் நம்புகிறார்கள், அவள் எழுதிய ஒரு கடிதம் மட்டும் வேறு கதை சொல்கிறது. மலாயா ரப்பர் தோட்டம் என்றால் நம் மனசில் வருவது பால் வெட்டப் போன நம் ஆட்கள், கூலி லயம், கங்காணி. நாடகத்தில் நடப்பது அந்த லயங்களுக்கு எட்டாத தூரத்தில், துரைமார் வீட்டுத் தாழ்வாரத்தில். அடிப்படை நிஜச் சம்பவம்தான். 1911-இல் கோலாலம்பூரில் எதெல் பிரவுட்லாக் என்ற பெண் தன் வீட்டு வராந்தாவில் ஒருவரைச் சுட்டுக் கொன்று, மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு சிலாங்கூர் சுல்தானின் மன்னிப்பில் வெளியே வந்தார். நாடகம் முழுக்க அந்தப் பெண் பொய்யை முகத்தில் ஏந்திக்கொண்டு நிதானமாக உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கேதான் பாருங்கள், குறை என்று சொன்ன அந்த அசையாத முகமே ஆயுதமாகிவிடுகிறது. அந்த அமைதிக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று பார்வையாளரைத் தவிக்க விடலாம். மாம் அவரைப் பற்றிச் சொன்னதும் இதைச் சார்ந்தே இருந்தது. சுமாரான நடிகையாகத் தொடங்கியவர், உழைப்பாலும் நடைமுறை அறிவாலும் தன்னைத் தேர்ந்த நடிகையாக மாற்றிக்கொண்டார் என்றார்.

1940-இல் தி லெட்டர் ஹாலிவுட்டில் படமானபோது அந்த வேடத்தில் நடித்தவர் பெட்டி டேவிஸ். இரண்டு வருஷம் கழித்து ‘நௌ, வாயேஜர்’. அதில் மகள் பெட்டி டேவிஸ், தாய் கிளாடிஸ் கூப்பர். ஒரே கொலைகாரியின் வேடத்தைப் போட்ட இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு அந்தக் காட்சியைத் திரும்பப் பாருங்கள்.

பிளேஹவுஸின் கடைசி வருஷத்தில், 1933-இல், ‘தி ரேட்ஸ் ஆஃப் நார்வே’ என்ற நாடகத்தில் இளம் லாரன்ஸ் ஒலிவியரை நடிக்க வைத்தார். அதோடு கொட்டகையை விட்டார். 1934-இல் நியூயார்க் மேடைக்குப் போனார். அதே சமயத்தில் ‘தி அயர்ன் டியூக்’ படத்தில் பேசும் படத்துக்கும் வந்து சேர்ந்தார். மூன்றாவது கணவர் பிலிப் மெரிவேலும் நடிகர், 1937-இல் கல்யாணம்.

1939-இல் ஹிட்ச்காக் ‘ரெபெக்கா’ எடுக்க ஆரம்பித்த நேரமும் இரண்டாம் உலகப் போர் தொடங்கிய நேரமும் ஒன்றாக வந்தன. அதில் கிளாடிஸுக்கு நாயகனின் அக்கா பியாட்ரிஸ் வேடம். நாயகன் ஒலிவியர், ஆறு வருஷம் முன்பு தன் கொட்டகையில் நடித்த அதே பையன். கணவனாக வரும் நைஜல் புரூஸ், லண்டன் ‘தி லெட்டர்’ நாடகத்திலும் அவர் கணவனாக நடித்தவர். விசாரணைக் காட்சியில் வரும் சி. ஆப்ரி ஸ்மித், 1922-இன் பொஹீமியன் கேர்லில் கூட நடித்தவர். கதையை எழுதிய டாஃப்னி டு மாரியே, ஜெரால்ட் டு மாரியேவின் மகள். கடல் தாண்டி வந்தும் பழைய லண்டன் நாடக உலகமே அங்கே கூடியிருந்தது. அந்தக் கொஞ்ச நேர வேடத்தில் அவர் எவ்வளவு இயல்பாக, விருந்து நடுவே பட்டென்று மனசில் பட்டதைப் பேசுகிற அக்காவாக வருகிறார் பாருங்கள். கலாட்டியா எங்கேயும் இல்லை.

அப்புறம் ஹாலிவுட் நிறுவனமான எம்ஜிஎம்மோடு ஒப்பந்தம், வரிசையாகப் பணக்காரத் தாய்மார்கள், பிரபு வீட்டுப் பெண்மணிகள். எல்லாமே நல்ல வேடம் என்று சொல்ல மாட்டேன், பல படங்களில் அவரை ஒரு நாற்காலியைப் போலத்தான் பயன்படுத்தினார்கள். ‘தி சாங் ஆஃப் பெர்னதெத்’ வேறு ரகம். தேவமாதாவைக் கண்டதாகச் சொல்லும் ஏழைப் பெண்ணை நம்ப மறுக்கும் கன்னியாஸ்திரீ. நான் பட்டினி கிடந்தேன், உடம்பை வருத்தினேன், தூக்கத்தைத் துறந்தேன், எனக்குக் கிடைக்காத தரிசனம் ஒன்றும் தெரியாத இவளுக்கா என்று அவர் வெடிக்கிற இடத்தில் பொறாமையும் பக்தியும் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன. நௌ, வாயேஜருக்கும் இதற்கும் அடுத்தடுத்து இரண்டு ஆஸ்கர் பரிந்துரைகள். இரண்டு தடவையும் விருது வேறு ஆளுக்குப் போனது.

வயது எழுபதைத் தாண்டியும் வேலை நிற்கவில்லை. 1962-இல் ‘தி ட்விலைட் ஸோன்’ தொலைக்காட்சித் தொடரில், சாவுக்குப் பயந்து இடியப்போகும் வீட்டுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு வாழும் மூதாட்டியாக வந்தார். வாசலில் காயத்தோடு விழுந்து கிடக்கும் இளம் போலீஸ்காரர் ராபர்ட் ரெட்ஃபோர்ட். அதே வருஷம் நியூயார்க்கில் ‘எ பாசேஜ் டு இந்தியா’ நாடகத்தில் மிஸஸ் மூர் வேடம். ஃபார்ஸ்டரின் நாவலை மேடைக்கு எழுதியவர் சாந்தா ராம ராவ், நம் சென்னையில் பிறந்தவர். அந்த வேடத்துக்காக அமெரிக்க நாடக விருதான டோனி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டார். 1967-இல் பிரிட்டிஷ் அரசின் டேம் பட்டம். 1971-இல் லண்டன் ஹேமார்கெட் தியேட்டரில் ‘தி சாக் கார்டன்’ நாடகத்தில் நடித்தார், அதே வருஷம் நவம்பர் 17 அன்று காலமானார். வயது 82. மேடையேறி அறுபத்தாறு வருஷம்.

மூன்றாவது பரிந்துரையைக் கடைசிக்கு வைத்தேன். 1964-இல் வந்த ‘மை ஃபேர் லேடி’. பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்திலிருந்து பிறந்த படம், சிலையைச் செய்து அதற்கு உயிர் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளும் ஆணின் கதை. ஹக்ஸ்லி கலாட்டியா என்று சொல்லி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கிளாடிஸ் இதில் பேராசிரியர் ஹிக்கின்ஸின் தாய். ஆஸ்கட் குதிரைப் பந்தயத்தில் மகனைப் பார்த்ததும் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள், இங்கே எங்கே வந்தான் இவன் என்று ஒரு கண் சுருக்கத்தில் சொல்லிவிடுவார். பிறகு, ஹிக்கின்ஸ் சீமாட்டி போலப் பேசப் பழக்கிய பூக்காரப் பெண் எலைசா ஓடி வந்து ஒதுங்குவது இந்த அம்மாவின் வீட்டில்தான். ஹிக்கின்ஸ் அங்கே வந்து கத்துகிறார், எலைசா பதிலுக்குப் பதில் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போய்விடுகிறாள். மகன் என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவைக் கூப்பிடுகிறார். அம்மா மகனைத் தேற்றவில்லை. சபாஷ், எலைசா என்கிறார்.